சேஸிஸ் மாறினால் பாடி உட்காருமா?

ஒன்றிலிருந்து எட்டு வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 40320 வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தாளில் போட்டுக் காட்டிவிடும். இதையே டர்போ சி-யில் நிரலாக எழுதி, கன்ட்ரோலையும் எஃப்9-ஐயும் சேர்த்து அழுத்தினால் திரையில் விழும் விடை -25216. ஏழு வரைக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்த நிரல், எட்டில் திடீரென்று கடன்காரனாகிவிடும். கணக்குப் போடும் வரிகளில் ஒரு புள்ளிகூட மாற்றாமல் அதை லினக்ஸில் ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்தால், 40320 என்று சமர்த்தாகச் சொல்கிறது.

இரண்டு கம்பைலருமே தப்புச் செய்யவில்லை. டர்போ சி-க்கு 'இன்ட்' என்றால் 16 பிட். அதற்குள் அடங்கும் மிகப்பெரிய எண் 32767. அதைத் தாண்டினால் மீட்டர் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். ஜிசிசிக்கு அதே 'இன்ட்' 32 பிட். 214 கோடி வரைக்கும் கவலையில்லை. சி மொழியின் தரநிலையோ 'இன்ட்' குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியைக் கம்பைலர் செய்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. நிரல் எழுதிய மாணவர் 'இன்ட்' என்று எழுதினார். எத்தனை பிட் என்று எழுதவில்லை, அப்படியொரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஓர் இயங்குதளத்தில் எழுதிய மூல நிரலை இன்னொன்றுக்குப் பெயர்க்கும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எழுதிய வரியில் பிழை இருக்காது. எழுதாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டதில் இருக்கும்.

லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் இதை விளக்கக் கணினிப் புத்தகம் வேண்டியதில்லை. கேபின்கூட இல்லாத வெறும் சேஸிஸை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவதை அந்தச் சாலைகளில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பட்டறையில் அதன்மேல் பாடி கட்டி, யூ-போல்ட் போட்டு இறுக்குவார்கள். ஒரு கம்பெனி சேஸிஸுக்கு அளந்து கட்டிய பாடியை இன்னொரு கம்பெனி சேஸிஸில் தூக்கி வைத்தால் உட்காராது. பாடியில் குறை ஒன்றும் இருக்காது, சேஸிஸிலும் இருக்காது. அளவு எடுத்தவர் ஒன்றைப் பார்த்து எடுத்தார், அவ்வளவுதான். நிரல் பாடி என்றால், இயங்குதளம் சேஸிஸ்.

இந்தச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நிரல் கற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. 1966-ல் தொடங்கிய சேலம் அரசு பொறியியல் கல்லூரி, 1997-ல் வந்த பெரியார் பல்கலைக்கழகம், அவற்றைச் சுற்றித் தனியார் கல்லூரிகள் என்று, சேலத்திலிருந்து எந்தச் சாலையில் கிளம்பினாலும் ஒரு கல்லூரிப் பேருந்தின் பின்னால்தான் போயாக வேண்டும். தமிழ்நாடு முழுவதும் போலவே இங்கும் ஒரு தலைமுறைக்கு நிரல் எழுதுவது என்றாலே டர்போ சி-யின் நீலத்திரைதான். அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனம் டர்போ சி-யை 1987-ல் வெளியிட்டது. நம் ஆய்வகங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட டர்போ சி++ 3.0, 1991-ஐச் சேர்ந்தது. சி++ மொழிக்குச் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998-ல். அதாவது, தரநிலை வருவதற்கு முன்பே செய்யப்பட்ட ஒரு கருவியில், தரநிலை வந்த பின் பிறந்த பிள்ளைகளும் பாடம் படித்தார்கள்.

விளைவு என்ன? 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்று முதல் வரியில் எழுதப் பழகினார்கள். தரநிலையில் அப்படியொரு தலைப்புக் கோப்பு கிடையாது, டாட் ஹெச் இல்லாத 'ஐஓஸ்ட்ரீம்'தான் உண்டு. 'வாய்டு மெயின்' என்று ஆரம்பித்தார்கள். சி++ கேட்பது 'இன்ட் மெயின்'. 'கோனியோ டாட் ஹெச்', அதற்குள்ளிருக்கும் 'கிளியர்ஸ்கிரீன்', 'கெட்ச்' இவையெல்லாம் மொழியைச் சேர்ந்தவையே அல்ல. டாஸ் கம்பைலர்கள் தங்கள் திரைக்காக வைத்துக்கொண்ட சொந்தச் சாமான்கள். கடைசி வரியில் 'கெட்ச்' போட்டதற்குக் காரணம்கூட மொழியில் இல்லை: போடாவிட்டால் விடை கண்ணில் படுவதற்குள் நீலத்திரை திரும்பி வந்து மூடிவிடும். லினக்ஸ் டெர்மினலில் விடை அப்படியே நிற்கும், பிடித்து வைக்க யாரும் தேவையில்லை. கிராஃபிக்ஸ் லேப்பில் ஒரு வட்டம் வரைவதற்கு 'சி' டிரைவில் போர்லாண்டின் கோப்புகள் எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்ற முகவரியையே நிரலுக்குள் எழுதினார்கள். லினக்ஸில் 'சி' டிரைவ் என்ற ஒன்றே கிடையாது.

அரசு இதைத் தொடாமல் இருக்கவில்லை. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது, 2007 வாக்கில், அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸைக் கொண்டுபோக முனைந்தார். சென்னை சி-டாக் அதே ஆண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இயங்குதளம் ஊருக்கு வந்துவிட்டது. பாடம்தான் பழைய இடத்திலேயே இருந்தது. அன்றைய பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடம் இரண்டு தொகுதி. முதலாவதில் ஸ்டார் ஆபீஸ், இரண்டாவதில் சி++. லினக்ஸ் கணினி முன் உட்கார்ந்தால் முதல் தொகுதி அப்படியே வேலை செய்யும். இரண்டாம் தொகுதி 'கோனியோ டாட் ஹெச்' என்ற வரியிலேயே நின்றுவிடும்.

ஒரே பாடத்தின் இரு பாதிகளுக்குள் இந்த வித்தியாசம் ஏன் என்பது யோசிக்க வேண்டியது. ஸ்டார் ஆபீஸ் ஜெர்மனியில் பிறந்தது, 1999-ல் சன் நிறுவனத்தின் கைக்கு வந்தது, 2000-ல் அதன் மூல நிரல் திறந்துவிடப்பட்டு ஓப்பன் ஆபீஸ் ஆனது. 2010-ல் அதிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்தது. அதன் நிரலில், இயங்குதளத்தோடு பேசுகிற வேலையை மட்டும் தனி அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கோப்பைத் திற, ஜன்னலை வரை, எழுத்தைக் காட்டு என்பதெல்லாம் அந்த அடுக்கின் வேலை. இயங்குதளம் மாறினால் அந்த அடுக்கைத் திருத்தினால் போதும். கணக்கு போடும் பகுதியையோ கடிதம் எழுதும் பகுதியையோ பெரும்பாலும் தொட வேண்டாம். பாடி கட்டும் பட்டறைப் பாணியில் சொன்னால், 'போல்ட் மட்டும் மாத்து'.

இந்தப் பிரச்சினை பெரியவர்களையும் விடவில்லை. யூனிக்ஸை 1973-ல் சி மொழியில் திருப்பி எழுதியபோது அது பிடிபி-11 என்ற ஒரே வகை இயந்திரத்துக்கானது. 1977-ல் ஆஸ்திரேலியாவின் உல்லன்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதை இன்டர்டேட்டா இயந்திரத்துக்குப் பெயர்த்தார். ஏறக்குறைய அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் இன்னொரு இன்டர்டேட்டாவில் அதையே செய்தார்கள். ஓர் எண்ணின் இரண்டு பைட்டுகளில் எது முன்னால், எது பின்னால் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. அது தெரியாமல் நகர்த்திய ஒரு நிரல், 'யூனிக்ஸ்' என்று காட்ட வேண்டிய இடத்தில் எழுத்துகள் ஜோடி ஜோடியாக இடம் மாறி 'நுக்ஸி' என்று காட்டியதாகச் சொல்வார்கள். பைட் வரிசைச் சிக்கலுக்கு 'நுக்ஸி பிரச்சினை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்படி மறைந்து கிடக்கும் கற்களை நிரல் ஓடும் முன்பே அரிசியில் பொறுக்குவது போலப் பொறுக்கத்தான், அந்தச் சமயத்தில் ஜான்சன் 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். 1988-ல் வந்த போசிக்ஸ் தரநிலை, யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் நிரலுக்குக் குறைந்தபட்சம் எதையெல்லாம் தர வேண்டும் என்று எழுத்தில் வைத்தது. லினக்ஸுக்கும் மேக்குக்கும் இடையே நிரல் ஓரளவு சுலபமாகப் போய்வருவது அதன் புண்ணியம். விண்டோஸ் பிறந்த வழி வேறு, ஆகவே சண்டை அந்த எல்லையில்தான் அதிகம்.

அந்தச் சண்டைகளில் மிகச் சின்னது, மிக எரிச்சலானது, வரி முடிவு.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் படித்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். வரி முடிந்ததும் இடது கையால் நெம்பைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கிறது: வண்டி ஓரத்துக்குப் போகிறது, உருளை ஒரு வரி சுற்றுகிறது. டெலிபிரின்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்தார்கள். டாஸும் விண்டோஸும் இரண்டையுமே வரி முடிவில் எழுதுகின்றன. யூனிக்ஸும் லினக்ஸும் உருளை சுற்றும் குறியை மட்டும் எழுதுகின்றன. பழைய மேக், வண்டி ஓரத்துக்குப் போகும் குறியை மட்டும். விண்டோஸில் எழுதிய ஒரு ஷெல் நிரலை லினக்ஸ் சர்வரில் ஏற்றி ஓடவிட்டால், முதல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியையும் சேர்த்துப் படித்துவிட்டு, அப்படியொரு கோப்பே இல்லை என்று லினக்ஸ் கைவிரிக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை இதில் ஒரு மதியத்தைத் தொலைப்பது சாதாரணம். இன்னொரு பக்கம், லினக்ஸ் கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் நிரல் முழுவதும் ஒரே நீள வரியாகத் தெரிந்த காலம் உண்டு. லினக்ஸின் வரி முடிவைப் படிக்க நோட்பேட் கற்றுக்கொண்டது 2018-ல்தான்.

கோப்புப் பெயரில் இன்னொரு வம்பு. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. சின்ன ஊர்களில் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பவர்கள் விண்டோஸ் கணினியில் பிஎச்பி எழுதி, வாடகை சர்வரில் ஏற்றுகிறார்கள். அந்த சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். 'ஹெடர்' என்ற கோப்பின் முதல் எழுத்தை ஓரிடத்தில் பெரிதாகவும் இன்னோரிடத்தில் சின்னதாகவும் எழுதியிருந்தால், சொந்தக் கணினியில் ஓடிய தளம் சர்வரில் வெள்ளைப் பக்கமாக நிற்கும். இதைவிட வேடிக்கை, விண்டோஸ் சில பெயர்களையே ஏற்காது. 'கான்' என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது என்று ஒரு காலத்தில் இந்தியா முழுக்க மின்னஞ்சலில் சுற்றியது. பில்கேட்ஸுக்கே காரணம் தெரியாது என்று அதில் வாலும் ஒட்டியிருந்தது. காரணம் எளிது: 'கான்', 'பிஆர்என்', 'ஆக்ஸ்' ஆகியவை டாஸ் காலத்திலிருந்து திரை, பிரின்டர் போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கிவைத்த பெயர்கள். லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் 'ஆக்ஸ்' என்ற பெயரில் ஒரு சி கோப்பு இருக்கிறது. எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் இரட்டைக் கோப்புகளும் இருக்கின்றன. அதனால் சாதாரண விண்டோஸ் ஃபோல்டரில் கெர்னல் நிரலை முழுசாக இறக்கி வைக்கக்கூட முடியாது. ஓட்டுவது அப்புறம்.

தமிழில் பெயர் வைத்தால் வருகிற சிக்கலோ இன்னும் நுட்பமானது. நாமக்கல் மாவட்ட வட்டங்களின் பெயரில் ஒருவர் தரவுக் கோப்புகள் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய மேக் ஒன்றிலிருந்து அவற்றை லினக்ஸுக்கு மாற்றுகிறார். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம், குமாரபாளையம், பரமத்தி வேலூர் எல்லாம் பத்திரமாக வந்து சேரும். கொல்லிமலை, மோகனூர், திருச்செங்கோடு மூன்றும் முரண்டு பிடிக்கும். நிரல் அந்தப் பெயரில் தேடினால் கோப்பு இல்லை என்று வரும். பட்டியலில் பார்த்தால் இருக்கும்.

காரணம் கொம்பும் காலும். கொ, மோ, கோ போன்ற எழுத்துகளில் மெய்யின் இரு பக்கமும் குறி வருகிறது. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம்: இரு பக்கக் குறியையும் சேர்த்து ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. நாம் விசைப்பலகையில் அடிப்பது வழக்கமாக முதல் விதம். மேக்கின் பழைய கோப்பு முறை பெயரைச் சேமிக்கும்போது அதை உடைத்து இரண்டாவது விதமாக்கிவிடும். லினக்ஸ் எதையும் தொடாது, பைட்டுக்கு பைட் ஒப்பிடும். கண்ணுக்கு ஐந்து எழுத்தான கொல்லிமலை முதல் விதத்தில் 9 குறியீடு, யுடிஎஃப்-8-ல் 27 பைட். இரண்டாவது விதத்தில் 10 குறியீடு, 30 பைட். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு மலை. கிட் மென்பொருளில் இதற்கென்றே ஒரு அமைப்பு சேர்க்க வேண்டியிருந்தது. மேக் 2017-ல் கொண்டுவந்த புதிய கோப்பு முறை பெயரை உடைக்காமல் கொடுத்தபடியே வைக்கிறது. நிரலுக்குள் மாறிப்பெயர்களைத் தமிழில் வைத்தால் பைத்தான் இரண்டு விதத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளும், ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்களை அது தொடாது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி பைத்தானின் மேல் கட்டப்பட்டது என்பதால், லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் அதே தமிழ் நிரல் ஓடுகிறது.

கல்லூரிக்கு வெளியே கதை வேறு மாதிரி. ஒரு காலத்தில் சிறுதொழில் கணக்கு மென்பொருள் என்றால் பாக்ஸ்ப்ரோ. லாரி புக்கிங், பைனான்ஸ், ஜவ்வரிசி ஆலையின் மூட்டைக் கணக்கு எதுவானாலும் கறுப்புத் திரையும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் போதும். பாக்ஸ்ப்ரோ 2.6 டாஸ், விண்டோஸ், மேக், யூனிக்ஸ் நான்கிலும் வந்தது. மைக்ரோசாஃப்ட் 1992-ல் பாக்ஸ் நிறுவனத்தை வாங்கியபின், அது படிப்படியாக விண்டோஸுக்கு மட்டும் என்று சுருங்கி, 2004-ல் வந்த ஒன்பதாம் பதிப்போடு நின்றது. 2015 ஜனவரியில் ஆதரவும் முடிந்தது. நான்கு சேஸிஸில் உட்கார்ந்த பாடியை ஒன்றுக்கு மட்டும் என்று ஆணி அடித்த கதை. 64 பிட் விண்டோஸ் வந்ததும் டாஸ் நிரல்கள் நேரடியாக ஓடுவதும் நின்றது.

இங்கே தரவு பிழைத்துக்கொண்டது. பாக்ஸ்ப்ரோ தரவைச் சேமித்த டிபிஎஃப் கோப்பை இன்றைக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்து இருபது வருடக் கணக்கைப் பார்க்கலாம். நிரலைத்தான் பெயர்க்க முடியவில்லை. பல இடங்களில் தொழில்நுட்பம் காரணமே அல்ல: முதலாளியின் கையில் இருப்பது ஓடும் கோப்பு மட்டும். மூல நிரல் எழுதிக்கொடுத்த பையனிடம் இருந்தது, அவர் பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விட்டார். மூல நிரலே இல்லாதவனுக்குப் பெயர்ப்பு என்ற பேச்சே இல்லை. லாரி வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள், மென்பொருளுக்குக் காசு கொடுக்கும்போது மட்டும் மூல நிரலைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பாலங்கள் இல்லாமல் இல்லை. விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் 1993-லிருந்து வளர்கிறது. யூனிக்ஸ் நிரலை விண்டோஸில் ஓட்ட சிக்வின் 1995-ல் வந்தது. அதே ஆண்டு வந்த ஜாவா, ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு என்று வாக்குக் கொடுத்து, சர்வர் பக்கம் அதைப் பெரும்பாலும் காப்பாற்றியது. 2016-ல் மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்ட வழி செய்தது. 2019-ல் அதன் இரண்டாம் பதிப்பு முழு லினக்ஸ் கெர்னலையே உள்ளே கொண்டுவந்தது. எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் புதிய கணினியில், டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போட்டு, அதற்குள் டர்போ சி-யை ஓட்டி, பாடத்திட்டம் காப்பாற்றப்பட்டது என்று ஒரு ஆய்வகம் நினைத்தால் அது நிரலைப் பெயர்த்தது ஆகாது. பழைய சேஸிஸைத் தூக்கிப் புது லாரியின்மேல் ஏற்றி வைத்ததுதான்.

பள்ளிப் பாடம் இப்போது நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் விண்டோஸோடு உபுண்டுவையும் அறிமுகம் செய்கிறது. சி++ பாடம் டெவ் சி++ வழியாக, தரநிலைப்படி நடக்கிறது. 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பைத்தான். அதில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து கம்பைல் செய்து ஓட்டும் பாடம் ஒன்று உண்டு. பைத்தான் நிரல் முதலில் ஜி++ கம்பைலரைக் கூப்பிட்டு, 'எக்ஸி' என்று முடியும் கோப்பை உண்டாக்குகிறது; அடுத்து அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி ஓடவிடுகிறது. லினக்ஸ் ஆய்வகத்தில் முதல் பாதி தடையில்லாமல் நடக்கும், 'எக்ஸி' என்ற வாலை லினக்ஸ் பொருட்படுத்தாது. இரண்டாம் பாதியில் கோப்பைக் காணோம் என்று வரும். விண்டோஸ் நாம் நிற்கும் ஃபோல்டரிலேயே முதலில் தேடும். லினக்ஸ் பாதுகாப்புக்காக அங்கே தேடாது, சொல்லிக் காட்ட வேண்டும். லினக்ஸ் வழக்கப்படி பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் வைத்தால் அங்கே ஓடிவிடும், விண்டோஸில் நின்றுவிடும்.

இரண்டிலும் ஓட வேண்டுமானால், பெயரை அப்படியே கொடுக்காமல், பைத்தானிடமே இருக்கும் 'ஆப்ஸ்பாத்' என்ற செயற்கூறு வழியாக அதன் முழு முகவரியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு வரி. சேலம், நாமக்கல் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் அந்தப் பாடத்தை நடத்தும் நாளில், விண்டோஸ் கணினி ஒன்று, லினக்ஸ் கணினி ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்து காட்டலாம். ஒரு பீரியட் தாராளமாகப் போதும்.